ஈறில் வளரும் சதை

தீப்பெட்டி ஆலையில் வேலை பார்ப்பவருக்கு ஈறில் சதை வளர்ந்தால் குச்சி மருந்தின் மேல் சந்தேகம் விழுவது இயல்புதான். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீக்குச்சித் தொழிலாளர்களின் தாடை எலும்பை வெள்ளை பாஸ்பரஸ் ஆவி அழுகவைத்தது. ஆனால் அந்த வகைத் தீக்குச்சியை இந்தியா 1913-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியதே அதற்குப் பிறகு, 1923-ல். பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்பு பாஸ்பரஸ். அதற்கு அந்தக் குணம் இல்லை.

ஈற்றுக் கட்டிக்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானது: பல்லில் இறுகிய காரை, உடைந்த பல்லின் ஓரம், சரியாகப் பொருந்தாத பல்செட். ஓயாமல் உறுத்தும் இடத்தை ஆற்றுவதற்காக ஈறு சதை வளர்க்கிறது; எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரிவதில்லை. கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றமும் இதைத் தூண்டும். அப்படி வருவது பிரசவத்துக்குப் பின் தானாகவே சுருங்குவதும் உண்டு என்பதால், ரத்தம் மிகுதியாகக் கசிந்தாலொழிய மருத்துவர்கள் காத்திருப்பார்கள். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரைகளால் வருவது வேறு ரகம். அதில் ஒரு கட்டியாக இல்லாமல் ஈறு பரவலாகத் தடிக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

தொட்டாலே ரத்தம் வரும் சிவந்த கட்டி பெரும்பாலும் ரத்தக்குழாய்கள் மண்டியது. வெளிறிக் கெட்டியாக இருந்தால் உள்ளே எலும்புத் துணுக்குகள் இருக்கலாம். நீலம் பாய்ந்தது அடியிலுள்ள எலும்பையும் குழித்திருக்கக்கூடும். எக்ஸ்ரே அதைக் காட்டிவிடும். இவ்வளவும் அனுமானம்தான். புற்றுநோயும் சில சமயம் இதே வேடத்தில் வரும்.

அறுவை பெரும்பாலும் பல் மருத்துவர் நாற்காலியிலேயே முடிந்துவிடும். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் ஊசி போட்டதும் ஈறு வெளுத்து மரத்துப்போகும். கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து, எலும்பைப் போர்த்திய சவ்வு வரை கத்தியை இறக்கி எடுப்பார்கள். அடுத்து அந்தப் பல்லின் வேரில் ஒட்டிய காரையைச் சுரண்ட வேண்டும். பலர் அலட்சியப்படுத்துவது இந்தக் கட்டத்தைத்தான். காரை அப்படியே இருந்தால் கட்டி திரும்ப முளைக்கும். எலும்புத் துணுக்குள்ள வகை, எடுத்த பிறகும் நூற்றில் 8 முதல் 20 பேருக்குத் திரும்புவதாகச் சொல்கிறார்கள். லேசரில் ரத்தம் குறைவு. ஆனால் துண்டின் ஓரம் கருகி ஆய்வைச் சிரமமாக்கும். சிறிய கட்டிக்குக் கத்தியே போதும் என்பது என் கட்சி.

எடுத்த துண்டு பார்மலினில் நோய்க்குறியியல் ஆய்வுக்குப் போக வேண்டும். சிவகாசிக்காரர்கள் அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை: 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நோய்க்குறியியல் துறை இல்லாமல் மருத்துவக் கல்லூரியே கிடையாது. இரண்டு வாரத்தில் வடியாத கட்டியைக் காட்டிவிடுங்கள். எடுத்த துண்டு ஆய்வுக்குப் போனதா என்று கேட்டு, அறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.