பழைய கணினியில் புதிய காணொளிக் கோப்புகளை இயக்குதல்

பழைய கணினியில் டிவிடி படம் தடையின்றி ஓடும். அதே படத்தின் 1080p எச்.265 கோப்பு அளவில் பெரும்பாலும் டிவிடியைவிடச் சிறியதுதான். ஆனாலும் ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் விட்டுவிட்டு வரும். கோப்பு சிறியதானால் கணினிக்குச் சுமையும் குறைவு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. காணொளியைப் பொறுத்தவரை உண்மை பெரும்பாலும் நேர்மாறானது.

காணொளியைச் சுருக்கும்போது ஒவ்வொரு சட்டகமும் முழுப்படமாகச் சேமிக்கப்படுவதில்லை. மற்றச் சட்டகங்களிலுள்ள எந்தப் பகுதி எங்கே நகர்ந்தது என்ற குறிப்பும், மிஞ்சும் வேறுபாடுமே எழுதப்படுகின்றன. இயக்கும்போது இவற்றிலிருந்து படத்தை மீண்டும் கட்டவேண்டும். டிவிடியின் எம்பெக்-2 முறையில் இந்தக் கணக்கு எளிது. 2003இல் எச்.264, 2013இல் எச்.265, 2018இல் ஏவி1 என வந்தவை இடத்தை மேலும் மேலும் மிச்சப்படுத்தின. அதற்கான விலையைக் கொடுப்பது செயலி. 1920×1080 படத்தில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 24 சட்டகங்கள் எனில் ஒன்றைக் கட்டக் கிடைப்பது சுமார் 42 மில்லிநொடி. பிந்தினால் இயக்கி மென்பொருள் சட்டகங்களைக் கைவிடும்.

புதிய கணினிகளில் இவ்வேலைக்கென வரைகலைச் சில்லில் தனிச் சுற்று உண்டு. இன்டெல் சில்லுகளில் எச்.265க்கான முழுச் சுற்று 2015இன் ஆறாம் தலைமுறையிலும், ஏவி1க்கானது 2020இல் வரத்தொடங்கிய 11ஆம் தலைமுறையிலும் வந்தன. அதற்கு முந்தையவற்றில் சுமை முழுவதும் அல்லது பெரும்பகுதி செயலியின் தலையில்தான். 10 பிட் எச்.264 கோப்புகளைப் பெரும்பாலான சுற்றுகள் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

இச்சிக்கலுக்குக் கூடுதல் நினைவகமோ எஸ்எஸ்டியோ வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு. நொடிக்கு 5 மெகாபிட் வேண்டும் கோப்புக்கு வன்தட்டு தரவேண்டியது நொடிக்கு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவே. படம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் செயலியின் பயன்பாடு 100 விழுக்காட்டை ஒட்டி நின்றால் காரணம் தெளிவு.

செலவில்லாத வழிகள் சில உண்டு. வன்பொருள் முடுக்கத்தை இயக்கிப் பார்ப்பது முதல் வேலை. விஎல்சி மென்பொருளின் கோடெக் அமைப்பில், எச்.264 படத்தின் கட்ட ஓரங்களை மழுப்பும் வடிப்பியைத் தவிர்க்கும் தெரிவு உள்ளது. முழுவதும் தவிர்த்தால் வேகம் நன்கு கூடும். ஆனால் பிழைகள் அடுத்தடுத்த சட்டகங்களுக்குப் பரவிப் படம் கட்டம் கட்டமாகத் தெரியும். பிற சட்டகங்கள் சார்ந்திராதவற்றில் மட்டும் தவிர்த்தால் பிழை பரவாது. ஏவி1 கோப்பானால் இயக்கியின் புதிய பதிப்பு உதவும்: விஎல்சி குழுவினர் 2018இல் வெளியிட்ட டேவிட் என்னும் குறிவிலக்கி, பழைய செயலிகளையும் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது. யூடியூபுக்கு, எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் உலாவி நீட்சிகள் உள்ளன.

இவையும் போதாதபோது எஃப்எஃப்எம்பெக் கொண்டு 854×480 அளவுள்ள எச்.264 கோப்பாக மாற்றலாம். புள்ளிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகிவிடும். எக்ஸ்264இன் ‘ஃபாஸ்ட்டிகோட்’ தெரிவைச் சேர்த்தால் கோப்பு சற்றுப் பெருக்கும், ஓட்டம் இலகுவாகும். பழைய கணினியிலேயே மாற்றினால் ஓர் இரவு முழுதும் ஆகலாம். இழந்த நுணுக்கம் திரும்பாது என்பதால் மூலக்கோப்பை அழிக்கக்கூடாது. கோப்பின் பெயரில் எம்கேவி என்பதை எம்பி4 என்று திருத்துவதில் பயனில்லை. அது உறையின் பெயர், உள்ளே இருப்பது அதே எச்.265தான்.