பங்கின் பழைய விலை: வரிக்கு ஒன்று, வரைபடத்துக்கு வேறொன்று

புது தில்லி: 2018 பிப்ரவரி 1-ம் தேதி மக்களவையில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி, பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்பதால் கிடைக்கும் ஆதாயத்துக்கு மீண்டும் வரி விதிப்பதாக அறிவித்தார். 2004-இல் அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், பங்குப் பரிவர்த்தனை வரியைக் கொண்டுவந்து, அதற்கு ஈடாக ரத்து செய்த வரி அது. மறுநாள் சென்செக்ஸ் குறியீட்டெண் ஏறத்தாழ 840 புள்ளிகள் சரிந்தது.

அந்தச் சரிவு இன்று மறந்துபோயிருக்கலாம். ஆனால் ஜேட்லி தந்த ஒரு சலுகை இன்னும் உயிருடன் இருக்கிறது. 2018 ஜனவரி 31 வரை சேர்ந்த ஆதாயத்துக்கு வரி கிடையாது என்பதே அது. அதாவது, நிதிநிலை அறிக்கைக்கு முந்தைய நாளில் நாட்டின் ஒவ்வொரு பங்கும் என்ன விலையில் கைமாறியது என்ற தகவல், சட்டத்தின் ஓர் அங்கமாகிவிட்டது. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டமும் அந்தத் தேதியைக் கைவிடவில்லை. 2018-க்கு முன் பங்கு வாங்கியவரும், தந்தையிடமிருந்து அவற்றை வாரிசுரிமையாகப் பெற்றவரும் அவற்றை விற்கும்போது அந்த ஒரு நாள் விலையைத் தேடியே ஆக வேண்டும்.

தேடுவது எளிது. கிடைப்பது சரியான எண்தானா என்பதில்தான் சிக்கல்.

எந்த விலை?: ஒரு நாளில் ஒரு பங்குக்குத் தொடக்க விலை, உச்ச விலை, குறைந்த விலை, இறுதி விலை என நான்கு விலைகள் உண்டு. நாளிதழ்களில் வெளியாவதும் தொலைக்காட்சிகளில் ஓடுவதும் பெரும்பாலும் இறுதி விலை. அதுவும் கடைசியாக நடந்த பேரத்தின் விலையன்று. கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் சராசரியே நெடுங்காலமாக இறுதி விலையாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளது. சட்டம் கேட்பதோ, அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தையில் அன்று பதிவான உச்ச விலை. அன்று அந்தப் பங்கில் வர்த்தகமே நடக்கவில்லை எனில், அதற்கு முன் கடைசியாக வர்த்தகம் நடந்த நாளின் உச்ச விலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த விலை முழுவதும் அப்படியே அடக்க விலையாகிவிடுவதில்லை. 2018 உச்ச விலை, விற்ற விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதை முதலில் எடுக்க வேண்டும். பிறகு அதையும் உண்மையில் வாங்கிய விலையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதுவே அடக்க விலை. பழைய விலையைக் காட்டி வரியிலிருந்து தப்பலாம். இல்லாத நஷ்டத்தை உருவாக்க முடியாது. சிறு, நடுத்தர நிறுவனங்களின் பங்குகள் பல, 2018 ஜனவரியில் எட்டிய உயரத்தை அதன்பின் வெகுகாலம் காணவில்லை என்பதால் அரசு முன்ஜாக்கிரதையாக வைத்த பூட்டு இது.

திருத்தப்பட்ட விலை: இணையத்திலும் செல்லிடப்பேசிச் செயலிகளிலும் கிடைக்கும் விலை வரைபடங்கள் பலவும் அன்று நடந்த பேரத்தின் விலையைக் காட்டுவதில்லை. நிறுவனம் பின்னாளில் போனஸ் பங்கு வழங்கினாலோ, பங்கின் முகமதிப்பைப் பிரித்தாலோ, பழைய விலைகள் அனைத்தும் அதே விகிதத்தில் குறைத்து எழுதப்படுகின்றன. இதில் மோசடி எதுவுமில்லை. 2024 அக்டோபர் 28-ம் தேதி ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் பங்கின் விலை ஒரே இரவில் பாதியானதுபோல் தோன்றியது. ஒன்றுக்கு ஒன்று போனஸ் வழங்கப்பட்டதே காரணம். பங்குதாரருக்கு நஷ்டம் ஏதுமில்லை. பழைய விலைகளையும் பாதியாக்காவிட்டால் வரைபடத்தில் அது பெரும் பள்ளமாகவே தெரியும்.

திருத்தாத விலையும் ஏமாற்றும். 1992 ஹர்ஷத் மேத்தா ஊழலைப் பற்றிய பேச்சில் தவறாமல் இடம்பெறுவது ஏ.சி.சி. சிமென்ட் பங்கு, சுமார் 200 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய்க்கு அருகே ஏற்றப்பட்ட பங்கு. ராம் நிவாஸ் மிர்தா தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக் குழு அந்த ஊழலை விசாரித்தது. அன்று அப்பங்கின் முகமதிப்பு 100 ரூபாய். பின்னர் அது 10 ரூபாயாகப் பிரிக்கப்பட்டது. எனவே அந்த 9,000 ரூபாயைப் பிற்கால விலையுடன் நேராக ஒப்பிடுபவர், முதலில் அதைப் பத்தால் வகுக்க வேண்டும். மேடைப் பேச்சுகளில் யாரும் வகுப்பதில்லை.

வரிக் கணக்கில் இந்தக் குழப்பம் பணத்தைத் தொடுகிறது. ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒருவர் 2006-இல் ஒரு நிறுவனத்தின் 1,000 பங்குகளை 200 ரூபாய் வீதம் வாங்கினார். 2018 ஜனவரி 31-இல் உச்ச விலை 900 ரூபாய். 2022-இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ். இப்போது கையில் 2,000 பங்குகள். விலை 700 ரூபாய். அவர் 1,000 பங்குகளை மட்டும் விற்கிறார். டிமேட் கணக்கில் முதலில் வந்தவையே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும் என்பதால், விற்றவை 2006-இல் வாங்கியவை. சட்டப்படி அவற்றின் அடக்க விலை 700 ரூபாய், ஆதாயம் பூஜ்யம், வரி இல்லை. அவரோ செயலியில் தெரியும் திருத்தப்பட்ட விலையான 450 ரூபாயை எழுதினால், இரண்டரை லட்சம் ரூபாய் ஆதாயம் என்று தாமே ஒப்புக்கொண்டு, தேவையற்ற வரியைக் கட்டுவார்.

அடுத்த ஆண்டு எஞ்சிய 1,000 போனஸ் பங்குகளை அதே 700 ரூபாய்க்கு விற்கும்போது தவறு எதிர்த்திசையில் திரும்பும். 2018-க்குப் பின் கிடைத்த போனஸ் பங்கின் அடக்க விலை சட்டப்படி பூஜ்யம். ஆதாயம் முழு 7 லட்சம். 450 ரூபாயை எழுதியவர் கணக்கில் இரண்டரை லட்சம் மட்டுமே காட்டுவார். வருமான வரித் துறையின் நோட்டீஸ் வீடு தேடி வரும். 2024 ஜூலை 23 முதல் இந்த வரி, ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்தின் மீது 12.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. தவறின் விலையும் கூடவே உயர்ந்தது.

முகமதிப்புப் பிரிப்பில் விதி வேறு. அங்கு புதிய பங்குகள் பழையவற்றின் துண்டுகளே என்பதால், 2018 விலையையும் அதே விகிதத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். வரைபடத்துக்கு போனஸும் பிரிப்பும் ஒன்றுதான். சட்டத்துக்கு அவை இரண்டு.

பெயரே மறைந்தால்: 2009 ஜனவரி 7-ம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டபோது, முந்தைய நாள் 179 ரூபாயாக இருந்த பங்கு 40 ரூபாய்க்கு வீழ்ந்தது. இன்று சத்யம் என்ற பெயரில் பங்கு எதுவும் இல்லை. 2013-இல் டெக் மஹிந்திராவுடன் இணைக்கப்பட்டபோது 17 சத்யம் பங்குகளுக்கு 2 டெக் மஹிந்திரா பங்குகள் தரப்பட்டன. 2015-இல் அந்நிறுவனம் ஒன்றுக்கு ஒன்று போனஸும் வழங்கி, 10 ரூபாய் முகமதிப்பை 5 ரூபாயாகவும் பிரித்தது. ஆக, 170 சத்யம் பங்குகள் 20 ஆகி, 40 ஆகி, 80 ஆயின. பீதியில் விற்காமல் பொறுத்திருந்தவர் தேட வேண்டியது டெக் மஹிந்திராவின் 2018 விலையை.

இதற்கு நேர்மாறானது ஒரு நிறுவனம் இரண்டாவது. 2023 ஜூலை 20-ம் தேதி ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தது. முந்தைய நாள் 2,841.85 ரூபாயாக இருந்த ரிலையன்ஸ் பங்குக்கு, தேசிய பங்குச் சந்தையின் சிறப்பு அமர்வில் 2,580 ரூபாய் விலை அமைந்தது. வித்தியாசமான 261.85 ரூபாயே பிரிந்த நிறுவனப் பங்கின் மதிப்பாகக் கொள்ளப்பட்டது. அதாவது பழைய விலையில் சுமார் 9.2 சதவீதம். வரிக்கோ, வாங்கிய விலையில் 4.68 சதவீதம் மட்டுமே புதிய பங்குக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று நிறுவனம் தெரிவித்தது. சட்டம் நோக்குவது சந்தை மதிப்பையன்று, கணக்குப் புத்தகத்திலுள்ள நிகர சொத்து மதிப்பை. ஒரே நிகழ்வுக்கு இரண்டு விகிதங்கள், இரண்டுமே சரி.

அரசியல் வாதத்தில்: பொதுத்துறைப் பங்கு விற்பனை குறித்த சர்ச்சைகளில் பழைய விலை இருதரப்புக்கும் கைகொடுக்கும். எல்.ஐ.சி. பங்கு 2022 மே மாதம் 949 ரூபாய்க்கு வெளியிடப்பட்டது. பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாயும் சில்லறை முதலீட்டாளர்களுக்கு 45 ரூபாயும் தள்ளுபடி. முதல் நாளே 875 ரூபாய்க்கு இறங்கிய பங்கு, 2023 மார்ச் இறுதியில் 530 ரூபாயைத் தொட்டது. 2024 தொடக்கத்தில் வெளியீட்டு விலையைத் தாண்டி ஆயிரத்தைக் கடந்தது. மக்கள் பணம் கரைந்தது என்பவர் முதல் தேதியை எடுப்பார். வளர்ந்தது என்பவர் இரண்டாவதை. பாலிசிதாரரின் கணக்கு 889 ரூபாயிலிருந்து தொடங்குவதை இருவருமே சொல்வதில்லை.

கோல் இந்தியா பங்கில் மறைந்து நிற்பது டிவிடெண்ட். 2010-இல் 245 ரூபாய்க்கு வெளியாகி, 2015 ஜனவரியில் மத்திய அரசால் 358 ரூபாய்க்கு விற்கப்பட்ட அப்பங்கு, 2020 இறுதிவாக்கில் 110 ரூபாய் அளவுக்கு வந்தது. விலைப் பட்டியல் மட்டும் பார்ப்பவருக்கு இது வெறும் வீழ்ச்சி. ஆனால் 2014 ஜனவரியில் மட்டும் அந்நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 29 ரூபாய் டிவிடெண்ட் தந்தது. அதில் பெரும்பகுதி கஜானாவுக்குச் சென்றது. வரைபடங்கள் பொதுவாக அதைச் சேர்ப்பதில்லை. 2015-இல் வாங்கியவருக்கு டிவிடெண்டைக் கூட்டினாலும் அந்த ஐந்தாண்டுகள் நஷ்டமே என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திருத்தப்படாத விலை வேண்டுவோருக்குச் சந்தைகளே வழி வைத்துள்ளன. ஒவ்வொரு வர்த்தக நாளின் முடிவிலும் எல்லாப் பங்குகளின் நான்கு விலைகளும் அடங்கிய பட்டியலைத் தேசிய, மும்பை பங்குச் சந்தைகள் வெளியிடுகின்றன. தரகர்கள் இதை 'பாவ் காப்பி' என்பார்கள். 'பாவ்' என்றால் இந்தியில் விலை. 2018 ஜனவரி 31-ம் தேதிப் பட்டியலும் இரு சந்தைகளின் இணையதளங்களில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதில் பார்க்க வேண்டியது உச்ச விலைக்கான பத்தி.