ஊசியிலை மரங்களின் நாட்டை எழுதியவர்

கிராமத்து மக்களைக் கதையிற் சேர்ப்போர் பலர். அவர்களுடைய பேச்சையும் நடையையும் காட்டி நகரத்து வாசகரைச் சிரிக்க வைப்போரே அவர்களுட் பெரும்பாலார். அத்தகைய சிரிப்பைப் பொறுக்கமாட்டாது பேனா எடுத்த ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே கூற விரும்புகிறோம். சாரா ஓர்ன் ஜூவெற் என்பது அவர் பெயர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில் உள்ளது மெயின் மாநிலம். பாறைகள் செறிந்த அதன் கடற்கரையில் ஊசியிலை மரங்கள் நீர் விளிம்புவரை வளர்ந்து நிற்கும். அம்மாநிலத்துச் சவுத் பேர்விக் என்னும் ஊரில் 1849ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி ஜூவெற் பிறந்தார். பாட்டனார் கப்பல் வணிகர்; தந்தையார் வைத்தியர். இளமையிலேயே மூட்டுவாத நோய் பற்றியதால் ஜூவெற்றின் பாடசாலைப் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. நோயாளரைப் பார்க்கக் குதிரை வண்டியிற் புறப்படும் தந்தையார் மகளையும் உடன் அழைத்துச் செல்வார். பண்ணை வீடுகளிலும் மீனவர் இல்லங்களிலும் கேட்ட பேச்சே அவருக்கு உண்மைக் கல்வியாயிற்று. மனிதரைப் பற்றி விளக்கம் கூற முற்படாமல் அவர்களை உள்ளவாறே காட்டவேண்டும் என்று தந்தையார் கூறிய அறிவுரையை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

கப்பல் கட்டியும் கடல் வாணிகம் நடத்தியும் ஒரு காலத்திற் செழித்திருந்த அப்பகுதி, ஜூவெற் வளர்ந்த நாளிற் பொலிவிழந்து கொண்டிருந்தது. இளைஞர் பிழைப்புத் தேடி வெளியேறினர்; முதியோரே பெரும்பாலும் எஞ்சினர். கோடை விடுமுறையைக் கழிக்க வந்த நகரத்தார் அவர்களை நாகரிகம் அறியாதவர் என எண்ணினர். அவ்வெண்ணத்தை மாற்ற வேண்டும் என்ற ஆவலே தம்மை எழுதத் தூண்டியதாக ஜூவெற் பின்னாளில் எழுதியுள்ளார்.

1869இல், பொஸ்டன் நகரத்திலிருந்து வெளிவந்த புகழ்பெற்ற ‘அத்திலாந்திக்’ சஞ்சிகையில் அவருடைய கதை இடம்பெற்றது. ‘டீப்ஹேவன்’ என்னும் முதல் நூல் 1877இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு தந்தையார் காலமானார். அவருடைய சாயலில் அமைந்த வைத்தியரை 1884இல் வெளிவந்த ‘ஒரு நாட்டுப்புற வைத்தியர்’ என்னும் நாவலிற் காணலாம். அந்நாவலின் நாயகி, திருமணத்தைத் துறந்து மருத்துவத் தொழிலை மேற்கொள்கிறாள்.

‘வெண்கொக்கு’ என்ற கதை 1886இல் நூலுருப் பெற்றது. பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்திச் சேகரிக்கும் ஓர் இளைஞன், கொக்கின் கூட்டைக் காட்டுவோருக்குப் பத்து டொலர் தருவதாகக் கூறுகிறான். பாட்டியோடு வறுமையில் வாழும் ஒன்பது வயதுச் சில்வியா, விடியுமுன் ஓங்கிய பைன் மரமொன்றில் ஏறிக் கூட்டைக் கண்டுவிடுகிறாள். எனினும், திரும்பி வந்தபின் அவள் வாய் திறக்கவில்லை. மாணவர் முதலிற் படிக்கத் தக்கது இக்கதையே.

அவருடைய நூல்களுள் தலைசிறந்தது 1896இல் வெளிவந்த ‘கூர்நுனி ஊசியிலை மரங்களின் நாடு’. ஒரு துறைமுகச் சிற்றூருக்குக் கோடைகாலத்தில் வந்து தங்கும் எழுத்தாளர் ஒருத்தி, அங்கே கண்டவரையும் கேட்டவற்றையும் கூறுவதே நூல். மூலிகை பறித்து மருந்து செய்யும் ரொட் அம்மையாரும், மனைவியை இழந்து எட்டாண்டுகள் தனித்து வாழும் முதிய மீனவர் ரில்லியும் அதில் வருகின்றனர். திருமணமான புதிதில் ரில்லி, பிரான்சின் போர்டோ நகரிலிருந்து மனைவிக்குத் தேநீர்ப் பாத்திரங்கள் வாங்கி வந்தார். அவற்றில் ஒன்றேனும் உடையவில்லை என்று அவர் பெருமையடிப்பது வழக்கம். மனைவியின் மரணச் சடங்கன்றுதான், உடைந்த கோப்பையின் துண்டுகள் கடதாசியிற் சுற்றித் தட்டின் மூலையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தமை தெரிந்தது. கணவனிடம் அவள் மறைத்த இரகசியம் அது ஒன்றே. ஒரு கோப்பையைக் கொண்டு ஓர் இல்லறத்தையே காட்டிவிடுகிறார் ஜூவெற்.

பல்கலைக்கழகப் படிப்பில்லாத அவருக்கு 1901இல் போடின் கல்லூரி கௌரவ இலக்கியக் கலாநிதிப் பட்டம் அளித்தது. அக்கல்லூரி பெண்ணொருவருக்கு அப்பட்டம் அளித்தது அதுவே முதன்முறை. அடுத்த ஆண்டு, தமது 53ஆவது பிறந்த தினத்தன்றே, குதிரை இடறி விழ வண்டியினின்று தூக்கி எறியப்பட்டார். தலையிலும் முதுகெலும்பிலும் ஏற்பட்ட காயத்தால் அவருடைய எழுத்துப் பணி பெரும்பாலும் முடிவுற்றது.

ஆயினும் அவர் செய்த பெரும் உதவியொன்று அதன் பின்னரே நிகழ்ந்தது. 1908இல் வில்லா கேதர் என்னும் இளம் எழுத்தாளர் அவருக்கு அறிமுகமானார். கேதர் அப்பொழுது நியூயோர்க் சஞ்சிகையொன்றின் ஆசிரியப் பணியில் உழன்று கொண்டிருந்தார். அவ்வாண்டு டிசெம்பரில் ஜூவெற் அவருக்குக் கடிதம் எழுதினார். அலுவலக வேலை ஆற்றலை உறிஞ்சிவிடும் என்றும், அமைதியான ஓரிடத்தைத் தமக்குள் தேடி அங்கிருந்து எழுத வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். 1909 ஜூன் 24ஆம் திகதி, பிறந்த வீட்டிலேயே ஜூவெற் மறைந்தார். கேதரோ பின்னர் சஞ்சிகையை விட்டு விலகித் தாம் வளர்ந்த நெபிராஸ்கா புல்வெளியை எழுதலானார். 1913இல் வெளிவந்த ‘ஓ முன்னோடிகளே’ நாவலை ஜூவெற்றின் நினைவுக்கே அர்ப்பணித்தார்.

மண்வாசனை என்று நாம் கூறுவது ஊர்ப் பெயர்களையும் வட்டார வழக்கையும் கதையிலே தூவிவிடுவதால் உண்டாவதன்று. அயலாரின் வாழ்வை மதிக்கும் மனத்திலிருந்தே அது பிறக்கிறது. அம்மதிப்பு வாய்த்தமையாலன்றோ, தொலைதூரக் கடற்கரையில் உடைந்த ஒரு கோப்பை இன்றும் எம் நெஞ்சைத் தொடுகிறது!