உறுமும் கிட்டார்! வாங்குமுன் பார்க்க வேண்டியது என்ன?

கோவையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் கையில் ஒரு மின்சாரக் கிட்டாரைக் கொடுத்தால், அதன் ரகசியம் அவருக்கு உடனே விளங்கிவிடும். உள்ளே காந்தம். அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி. இவ்வளவுதான்!

பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1932-ல். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மின்சார மோட்டார் செய்தது 1937-ல். இதே காலத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் காந்தத்தையும் செப்புக் கம்பியையும் கிட்டாரில் பொருத்தினார். 1932-ல் அது விற்பனைக்கு வந்தது.

எஃகுத் தந்தி காந்தத்தின் மேல் அதிர்கிறது. காயிலில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. இந்தக் காயிலுக்கு 'பிக்-அப்' என்று பெயர்.

இன்று கொங்கு நாட்டு வாலிபர்கள் பலருக்கு இந்தக் கிட்டார் மேல் ஆசை. கல்யாண மேடையில் சினிமாப் பாட்டு வாசிக்க வேண்டும். நண்பர்களோடு சேர்ந்தால் 'மெட்டல்' இசையும் வாசிக்க வேண்டும். வீட்டில் இரண்டு கிட்டார் வாங்கப் பணம் ஏது? ஒரே கிட்டாரில் இரண்டும் நடக்குமா?

நடக்கும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

பட்டறை ஊரில் பிறந்த இசை

மெட்டல் என்றால் உலோகம். பெயருக்கு ஏற்றபடி, இந்த இசை பிறந்ததும் ஒரு பட்டறை ஊரில்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம் அது. அங்கே டோனி அயோமி என்ற வாலிபர் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 17 வயதில் இயந்திரத்தில் கை சிக்கி, இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது.

அவர் கிட்டாரை விடவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1970-ல் வெளிவந்த 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் இசைத்தட்டில் கிட்டார் வாசித்தவர் இவரே. மெட்டல் இசைக்கு அதுவே பிள்ளையார் சுழி.

தமிழர்களுக்கும் இது அந்நியம் அல்ல. சிங்கப்பூரில் 'ருத்ரா' என்ற மெட்டல் குழு 1992-ல் தொடங்கியது.

முனகல் இருக்கிறதா?

மெட்டலில் கிட்டார் ஒலியை வேண்டுமென்றே முறுக்கி, உறும வைக்கிறார்கள். இதற்கு 'டிஸ்டார்ஷன்' என்று பெயர். இசை பெருகும்போது இரைச்சலும் பெருகும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதன் முனகலை ஒற்றைக் காயில் பிக்-அப் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

1955-ல் கிப்சன் கம்பெனி என்ஜினீயர் செத் லவர் இதற்கு வழி கண்டார். இரண்டு காயில்களை எதிர் எதிராக இணைத்தார். முனகல் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மறைந்தது. தந்தியின் ஒலி மட்டும் நின்றது. இதுதான் 'ஹம்பக்கர்'.

ஆகவே பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் இருக்க வேண்டும். அதை ஒற்றைக் காயிலாக மாற்றும் சுவிட்சும் இருந்தால், மெல்லிசைக்கு வேண்டிய தெளிவான மணியோசை கிடைக்கும். ஒரே கிட்டாருக்கு இரண்டு குரல்!

கடையிலேயே சோதனை

வெறும் தந்தியை மீட்ட வேண்டும். பிறகு அதே தந்தியை 12-வது கட்டையில் அழுத்தி மீட்ட வேண்டும். முதலில் கேட்டது 'ச' என்றால், அடுத்தது சரியாக மேல் 'ச' ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைக்காரரையே சரிசெய்து தரச் சொல்ல வேண்டும்.

தந்தியின் நீளத்தையும் கேட்க வேண்டும். 25.5 அங்குலம், 24.75 அங்குலம் என இரண்டு அளவுகள் பெருவழக்கு. சுருதியை இறக்கி வாசிக்கும்போது நீளமானதில் தந்தி அதிகம் தொளதொளக்காது. மெட்டலுக்கு அது நல்லது.

பிரிட்ஜ் அசையாததாக இருப்பது மேல். சில கிட்டார்களில் பிரிட்ஜ் ஸ்பிரிங்கில் மிதக்கும். வேடிக்கையாக ஊளையிடும், ஆனால் ஒரு தந்தியின் சுருதியை மாற்றினால் மற்றவையும் கலைந்துவிடும். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுகிறவருக்கு அது தொல்லை.

கறுப்பு நிறம், ஈட்டி போன்ற கொம்புகள் இவற்றைப் பார்த்து மயங்கக் கூடாது. நிறத்துக்கு ஓசை கிடையாது. கொம்புள்ள கிட்டார்கள் சிலவற்றை உட்கார்ந்து வாசிக்கும்போது தொடையில் நிறுத்துவதே பாடு. பையன் தினமும் பழகப்போவது உட்கார்ந்துதான்.

கையில் உள்ள பணம் முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிடவும் கூடாது. ஆம்ப்ளிஃபயருக்கும் ஒதுக்க வேண்டும். காதில் மாட்டிக் கேட்கும் வசதி உள்ளதாக வாங்கினால், பக்கத்து வீட்டாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

உயிர் பெரிது

எல்லாவற்றையும்விட முக்கியம் எர்த். 1972 மே 3-ந் தேதி பிரிட்டனில் ஸ்வான்சி நகரில், லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார். மேடையிலேயே ஷாக் அடித்து இறந்தார். அவருக்கு வயது 27.

கிட்டார் தந்தி கம்பி வழியாக ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்தது. ஒரு கை தந்தியில் இருக்க, உதடு மைக்கில் பட்டால், இரண்டில் எதில் கசிவு இருந்தாலும் மின்சாரம் உடம்பு வழியே பாயும். மாரியம்மன் நோம்பி மேடையானாலும் கல்யாண மண்டபமானாலும், மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை ஒடித்துவிட்டுச் செருகக் கூடாது. ஈரக் காலோடு மேடை ஏறக் கூடாது. வாசிக்குமுன் எலெக்ட்ரீஷியன் ஒருவர் எர்த்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கிட்டாரில் கோளாறு இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். போன உயிரை எந்தக் கடையிலும் மாற்றித் தர மாட்டார்கள்.