இரண்டு சென்டிமீட்டர் மண்

மலாயாத் தோட்டங்களில் பால்மரக் காலத்திலிருந்தே நம்மவர்கள் லயத்துக்குப் பக்கத்தில் மாடு வளர்த்தார்கள். செம்பனை வந்தபின்னும் மரவரிசைகளுக்கு நடுவே மாடு மேய்வது நிற்கவில்லை. புல்லில் உள்ள மணிச்சத்தில், அதாவது பாஸ்பரஸில், பெரும்பகுதி சாணமாக அதே நிலத்தில் விழுகிறது. செம்பனைக்குப் போடும் பாறை பாஸ்பேட்டும் அதோடு சேர்கிறது. ஜொகூர் மாநிலத்துக் கூலாய்ப் பக்கத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். அங்கே பிறக்கும் ஸ்கூடாய் ஆறு தெற்கே ஓடி ஜொகூர் நீரிணையில் கலக்கிறது. இந்தச் சத்து மழையோடு ஆற்றில் இறங்கினால் பாசி மண்டும். பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும்.

இறங்குமா என்பதை மண்ணிடமே கேட்கலாம்.

ஜொகூரில் பரவலாகக் காணப்படும் ரெங்கம் வகை மண், கிரானைட் பாறை சிதைந்து உண்டானது. இந்த மாநிலத்து ரெங்கம் ஊரின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. அதிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். உரம் போட்டும் பயிருக்கு எட்டவில்லையே என்று நாம் வருந்தக் காரணமான அந்தப் பிடிதான் ஆற்றுக்குக் காவல். பற்றும் இடம் நிறைய நிறையப் பிடி தளர்கிறது.

பயிருக்கான சோதனையில் வழக்கமாக 15 சென்டிமீட்டர் ஆழம்வரை மண் எடுப்பார்கள். ஓடும் மழைநீர் அவ்வளவு ஆழம் போவதில்லை. மேய்ச்சல் தரையை யாரும் உழுவதில்லை என்பதால் சாணத்தின் சத்து மேலேயே தங்குகிறது. ஆழமாகத் தோண்டிக் கலந்தால் வளமான மேல்தோல் அடிமண்ணில் கரைந்து, எண் குறைந்து தெரியும். அதனால் மேல் 2 சென்டிமீட்டரை மட்டும் பல இடங்களில் சுரண்டிச் சேர்க்க வேண்டும். என் கணிப்பில் பாதி வேலை இந்தச் சுரண்டலில்தான் இருக்கிறது.

ஆய்வகத்தில் அந்த மண்ணை வெறும் நீரில் குலுக்கி வடிகட்டுகிறார்கள். வடிநீரில் மாலிப்டேட் கரைசலும் வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தால் நீலம் பூக்கும். நீலம் கருக்கக் கருக்க மணிச்சத்து அதிகம். 1962இல் மர்பியும் ரைலியும் வகுத்த முறை இது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்துப் புல்தரையில் செயற்கை மழை பெய்வித்து நடத்திய ஆய்வு 1996இல் வெளிவந்தது. மண்ணிலிருந்து நீர் பிரித்தெடுத்த அளவும் ஓடும் நீரில் கரைந்திருந்த அளவும் நெருங்கி ஒத்துப்போனதை அது காட்டியது.

அந்த எண்களை அப்படியே கூலாய்க்குக் கொண்டுவர முடியாது; மண் வேறு, மழை வேறு. சரிவும் ஓடைக்குள்ள தூரமும் கணக்கில் சேர வேண்டும். மாடு படுக்கும் நிழலடியிலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் தனி மாதிரி எடுங்கள். சாணம் குவியும் அந்த இடம் ஓடைக்கரையில் இருந்தால், முதல் வேலியை அங்கே போடுங்கள்.