நீல ஆர்க்கிட்டும் கண்ணாடிக் குடுவையும்

உலகச் சந்தையில் மிகுதியாக விற்பனையாகும் ஆர்க்கிட்களுள் ஒன்றான ஃபலனாப்சிஸ், வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் எத்தனையோ சாயல்களில் கிடைத்தாலும், அதன் பெரிய பூ வகைகளில் நீலம் மட்டும் நெடுங்காலம் வசப்படவில்லை. கடைகளில் காணப்படும் பளிச்சென்ற நீல ஃபலனாப்சிஸ் பெரும்பாலும் பூந்தண்டில் சாயம் ஏற்றப்பட்ட வெள்ளைப் பூவே ஆகும். அதே செடி அடுத்த முறை பூக்கையில் சாயம் வெளுத்துவிடும். நிறத்தைச் செடியின் மரபிலேயே பதிக்கும் முயற்சி பிற்காலத்தில் வென்றது என்றாலும், அதற்கு அடித்தளமிட்டது மரபணு அறிவியல் அன்று, ஒரு கண்ணாடிக் குடுவை என்பதே ஆர்க்கிட் வளர்ப்பின் வரலாறு காட்டும் உண்மை.

ஆர்க்கிட் பூவில் மகரந்தம் தூளாகப் பறப்பதில்லை. மெழுகு போன்ற சிறு கட்டிகளாகத் திரண்டு, பூவின் நடுத்தூணின் நுனியில் ஒரு மூடியின்கீழ் அமர்ந்திருக்கும். பல் குத்தும் குச்சியால் அம்மூடியை நெம்பினால் கட்டி குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு வரும்; அதை வேறொரு பூவின் தூணின் கீழ்ப்புறத்தில் உள்ள பசைக்குழியில் வைத்துவிட்டால் கலப்பு முடிந்தது. இங்கிலாந்தில் வீட்ச் நாற்றுப்பண்ணையைச் சேர்ந்த ஜான் டொமினி, ஜான் ஹாரிஸ் என்ற அறுவை மருத்துவரின் யோசனைப்படி இவ்வாறு உருவாக்கிய, கலாந்தே என்னும் ஆர்க்கிட் வகையின் கலப்பினம் 1856இல் பூத்தது. மனிதர் உருவாக்கிப் பூக்கவைத்த முதல் ஆர்க்கிட் கலப்பினம் அதுவே.

கலப்பது எளிது, முளைக்கவைப்பதுதான் அரிது. ஒரே காயில் இலட்சக்கணக்கான விதைகள் இருக்கக்கூடும் என்றாலும், அவை தூசியளவே ஆனவை. முளைக்கும் கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசை அவற்றில் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சை விதைக்குள் புகுந்து உணவளித்தால்தான் முளைப்பு நிகழும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் கண்டறிந்தார். பூஞ்சை அளிப்பது முதன்மையாகச் சர்க்கரையே எனில் அதை நேரடியாகவே கொடுத்துவிடலாமே என்று எண்ணிய அமெரிக்கர் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகர் கூழில், கிருமி நீக்கிய குடுவைக்குள் விதைகளை முளைக்கவைத்து 1922இல் அம்முறையை வெளியிட்டார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் எரிக் ஹோல்ட்டம் 1928இல் தொடங்கிய கலப்பினத் திட்டம் இம்முறையைக் கையாண்டே வளர்ந்தது. 1960இல் ஜார்ஜ் மோரெல், சிம்பிடியம் என்னும் ஆர்க்கிட்டின் தளிர்நுனியிலிருந்து எடுத்த சிறு திசுவை வளர்த்து, ஒரு சிறந்த செடியை அச்சு மாறாமல் பெருக்கவும் நச்சுயிரி நீங்கிய கன்றுகளைப் பெறவும் வழிகாட்டினார்.

ஆயினும் கலப்பினம் உறவு வட்டத்தைத் தாண்டாது. வடகிழக்கு இந்தியாவிலும் வளரும் நீலவண்டாவைக் கொண்டு வண்டா என்னும் ஆர்க்கிட்களில் நீலச்சாயல் எளிதில் புகுத்தப்பட்டது. ஃபலனாப்சிஸின் பெரும்பூ வகைகளிலோ, டெல்ஃபினிடின் என்னும் நீலநிறமியை நோக்கி நிறமி உற்பத்தியைத் திருப்பும் நொதி போதிய அளவு செயற்படுவதில்லை. ஜப்பானின் சிபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நொதிக்கான மரபணுவைக் கானாவாழை இனம் ஒன்றிலிருந்து எடுத்து ஃபலனாப்சிஸில் சேர்த்து, 2010களின் தொடக்கத்தில் நீலப்பூவைக் காட்டினர். வரப்போரக் களையாக நாம் பிடுங்கி எறியும் கானாவாழையின் சுற்றத்தார்தாம் விலையுயர்ந்த அப்பூவுக்கு நிறம் கொடுத்தவர்! பூ ஊதா கலந்த நீலமாகவே இருந்ததற்குக் காரணம், நிறமி மட்டுமன்றி, அது தங்கியுள்ள செல்லறையின் அமிலத்தன்மையும் உடனுறையும் பிற சேர்மங்களும் நிறத்தை முடிவுசெய்வதே.

அயல் மரபணுவை ஏற்ற ஒற்றைச் செல்லை முழுச்செடியாக வளர்த்தெடுக்க, முளைவிதையில் தோன்றும் உருண்டையை ஒத்த திசுத்திரளையே ஆய்வாளர்கள் குடுவையில் பெருக்குகின்றனர். இவ்வாறு வளரும் செடி பூப்பதற்கு ஆண்டுகள் செல்லும். 1992இல் ஹவாயில் டென்ட்ரோபியம் என்னும் ஆர்க்கிட்டில் நுண்துகள் வீச்சால் மரபணு புகுத்தப்பட்டதும், 2015இல் ஃபலனாப்சிஸ் இனம் ஒன்றின் முழு மரபணுத்தொகுதி வெளியானதும் இப்பாதையின் மைல்கற்கள். பண்ணையாளருக்கு நீலத்தைவிடப் பயன்மிக்கது நோய் எதிர்ப்பு என்றே சொல்ல வேண்டும். சிம்பிடியம் தேமல் நச்சுயிரி தொற்றிய செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. ஒரு செடியை வெட்டிய கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்ததை வெட்டினாலே அது பரவிவிடும். அந்நச்சுயிரியின் உறைப்புரத மரபணுவையே செடியில் புகுத்தி, அச்செடி தொற்றைத் தாங்குமாறு செய்யும் ஆய்வுகள் தைவானில் நடந்துள்ளன.