ஆச்சிக்கு எழுதிய கடிதம்

தொலைவில் வாழும் நம்மவர்க்குத் துயரச் செய்தி பெரும்பாலும் பணி நேரத்தில்தான் வந்து சேர்கிறது. 2022-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், நாகபுரி ரயில் நிலையப் பார்சல் அலுவலகத்தில் ஆரஞ்சுக் கூடைகளுக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது என் ஆச்சி காலமான செய்தி வந்தது. அன்றிரவே புறப்பட்டுச் சென்னையில் வண்டி மாறி, மூன்றாம் நாள் காலையில் அம்பாசமுத்திரத்தை அடுத்த எங்கள் ஊரை அடைந்தேன். அதற்குள் காடாற்றும் முடிந்து, சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்துவிட்டிருந்தார்கள்.

தாய் தந்தையரை இழந்தவனிடம் உலகம் நின்று துக்கம் விசாரிக்கிறது. பாட்டியை இழந்தவனிடமோ, "வயது என்ன? எண்பத்தாறா? கல்யாணச் சாவு" என்று கூறி நகர்ந்துவிடுகிறது. நானும் அவ்வாறே தலையசைத்துவிட்டுப் பணிக்குத் திரும்பினேன். ஆனால் இரவில் உறக்கம் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

இழந்தோரை எண்ணிப் பாடுவதைக் கையறுநிலை என்று நம் முன்னோர் ஒரு துறையாகவே வகுத்திருந்தனர். தந்தையை இழந்த பாரி மகளிர் பாடிய சிறு பாட்டு புறநானூற்றில் இன்றும் நிற்கிறது. அண்மைக் காலத்திலும் இதனை ஆராய்ந்துள்ளனர். 1986-இல் அமெரிக்க உளவியலறிஞர் பென்னிபேக்கர் தம் ஆய்வை வெளியிட்டார். மாணவர் சிலரைத் தம் வாழ்வின் பெருந்துன்பத்தைப் பற்றி நாளொன்றுக்கு 15 நிமிடமாக நான்கு நாள் எழுதச் செய்திருந்தார். எழுதியவுடன் அவர்கள் மனம் சோர்ந்தனர். எனினும், நிகழ்ச்சியையும் அதுபற்றிய தம் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியோர் பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. எழுத்து எல்லோர்க்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை என்பதும் பிந்திய ஆய்வுகளில் தெரிந்தது. ஆதலின் இதனை மருந்தென்று நான் கூறவில்லை. எனக்கு நேர்ந்ததை மட்டும் கூறுகிறேன்.

ஆச்சிக்கு எழுத்தறிவு இல்லை. பம்பாயிலிருந்த சிற்றப்பாவுக்கு அவர் சொல்லச் சொல்ல உள்நாட்டுக் கடிதத்தில் எழுதியவன் பத்து வயதுச் சிறுவனாகிய நான்தான். மழை, கன்று ஈன்ற பசு, தம் முழங்கால் வலி, மகனைக் கனவில் கண்டது ஆகிய யாவற்றையும் வெற்றிலை இடித்தபடியே சொல்லுவார். விளையாடப் போகும் அவசரத்தில் நான் பாதியை விழுங்கிவிட்டு, "இங்கு யாவரும் நலம்" என்று முடித்து ஒட்டிவிடுவேன். "எல்லாம் எழுதிட்டியா ஐயா?" என்று கேட்பார். "எழுதிட்டேன் ஆச்சி" என்பேன். அவர் நம்பினார்.

ஓரிரவு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "அன்புள்ள ஆச்சிக்கு" என்று தொடங்கினேன். முதல் நாள் ஊர்ச் செய்திதான் வந்தது. இரண்டாம் நாள், வண்டி வந்து சேரத் தாமதமானதை எழுதினேன். மூன்றாம் நாள் இந்தப் பொய்யை எழுதினேன். நான் விழுங்கிய செய்திகளில் நினைவிருந்தவற்றை ஒவ்வொன்றாக எழுதினேன். முழங்கால் வலி என்ற இடத்தில் எழுத்து மறைந்தது. அன்றுதான் அழுதேன். மறுவாரம் அப்பக்கங்களைச் சிற்றப்பாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அம்மா என்னைக் கனவிலே பார்த்தாளா?" என்று மட்டும் கேட்டார்.

துக்கம் நீங்கிவிட்டதென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆச்சிக்குச் செய்யாமல் விட்ட ஒரு கடமையைச் செய்தேன் என்ற அமைதி உண்டு.

ஊர் சென்று முகம் காணக் கொடுத்துவைக்காத அன்பர்களே! நீங்களும் எழுதிப் பாருங்கள். இலக்கண நயம் வேண்டா. பிறர் படிக்கவும் வேண்டா. அவருடைய பேச்சு, கைப்பக்குவம், நீங்கள் சொல்லாமல் விட்டது ஆகியவற்றை அவரையே விளித்து எழுதுங்கள். மனம் தாளாவிடில் நிறுத்திவிட்டு, நெருங்கிய ஒருவரிடம் பேசுங்கள். தமிழ் எழுத அறியாத நம் பிள்ளைகள் இந்தியிலோ மராத்தியிலோ எழுதினும் குற்றமில்லை. பாட்டியின் சொற்களை மட்டும் அவர் சொன்னபடியே எழுதட்டும்.